ஓடையிலிருந்து தொடங்குங்கள்: டோப்போஷீட்டில் கான்டூர் கோடுகளைப் படிப்பது

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொட்ட நாளில், நீர்த்தேக்கத்தின் ஓரமாக, ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் மண்ணிலுமாக விளிம்பை விடாமல் நடந்தால், எத்தனை மைல் போனாலும் ஏற்றமும் இராது, இறக்கமும் இராது. ஓடை வந்து சேரும் இடத்தில் அந்த விளிம்பு கரைக்குள் நீளமாக நுழைந்து திரும்பும். மேடு துருத்தும் இடத்தில் தண்ணீர்ப் பக்கமாக வளைந்து வெளியே வரும். நீர்மட்டம் 100 அடிக்கு இறங்கினால் விளிம்பு வேறு இடத்துக்குப் போய்விடும், ஆனால் அதன் போக்கும் இப்படித்தான் இருக்கும். கோடையில் கரைச்சரிவில் வரிவரியாகத் தெரியும் பழைய நீர்த்தடங்கள் ஒவ்வொன்றும் ஒரு கான்டூர் கோடு. பாடப்புத்தகம் இதைச் சம உயரக் கோடு என்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளைத் தொடுத்த கோடு, அவ்வளவுதான்.

இந்த நீர்விளிம்பை மனதில் வைத்துக்கொண்டால் விதிகள் பலவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ஒரு ஏரிக்கு இரண்டு நீர்மட்டம் இருக்க முடியாது, அதனால் இரண்டு கான்டூர் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை. மேல்தள்ளி நிற்கும் பாறை ஒன்றுதான் விதிவிலக்கு. நீர்விளிம்பு நடுவில் அறுந்து போகாது, அதனால் கோடும் எங்கோ ஓரிடத்தில் தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். அது இந்தத் தாளில் சேரலாம், அல்லது பக்கத்துத் தாளில் சேரலாம்.

படிப்பதற்கு நீலகிரியின் ஒரு டோப்போஷீட்டை, அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத் தாளை, எடுத்துக்கொள்வோம். நாட்டின் வரைபடங்களை வெளியிடும் அரசு நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய எண்முறையில் அது 58 ஏ/15. இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எந்தத் தாளையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். 58 என்பது 4 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்ட சதுரம்: அட்சம் 8 முதல் 12 வரை, தீர்க்கம் 76 முதல் 80 வரை. அதை ஒரு பாகைச் சதுரங்களாகப் பதினாறாக வெட்டி, வடமேற்கு மூலையில் தொடங்கி, மேலிருந்து கீழாக ஏ, பி, சி, டி என்று இறங்கி, அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் அதே ஒழுங்கில் 15 கலைத் (60 கலை ஒரு பாகை) துண்டுகளாகப் பதினாறாக வெட்டினால் 1 முதல் 16 வரை எண்கள். அந்தக் கணக்கில் 58 ஏ/15 என்பது அட்சம் 11°15′ முதல் 11°30′ வரை, தீர்க்கம் 76°45′ முதல் 77° வரை. மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி மூன்றும் இதற்குள் அடங்கும். ஊட்டி மேற்கே 58 ஏ/11-இல் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியும் எல்லைக்கோட்டுக்குச் சற்று அப்பால் அந்தத் தாளில்தான். குன்னூரிலிருந்து மேற்கே பார்த்துப் படிப்பவர்கள் இரண்டு தாள்களையும் ஒட்ட வேண்டியிருக்கும். புதிய ஓப்பன் சீரிஸ் தாள்களுக்கு எண்முறை வேறு என்றாலும் 15 கலை அளவு அப்படியேதான் இருக்கிறது.

இந்தத் தாளைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒரே தாளில் மேட்டுப்பாளையத்தின் சுமார் 330 மீட்டர் சமவெளியும், குன்னூரின் 1,700 மீட்டர் மேட்டு நிலமும், இரண்டுக்கும் நடுவே சரிந்து விழும் மலைவிளிம்பும் இருக்கின்றன. கான்டூர் கோடு எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல தாள் தமிழ்நாட்டில் குறைவு.

கோட்டைப் பார்ப்பதற்கு முன் தாளைச் சோதிக்க வேண்டும். 1:50,000 அளவில் 2 செ.மீ. என்பது 1 கிலோமீட்டர். இன்று பெரும்பாலோர் பி.டி.எஃப். எடுத்துக் கடையில் அச்சடிக்கிறார்கள். அங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வில் அச்சடித்தால் படம் சுருங்கிவிடும், ஆனால் ஓரத்தில் 1:50,000 என்ற எழுத்து மட்டும் மாறாமல் நிற்கும். அதை நம்பி அளந்தால் எல்லாத் தூரமும், எல்லாச் சரிவும் பிழை. ஸ்கேலை எடுத்து அட்சக்கோடுகளுக்கு இடையே வைத்துப் பாருங்கள். இந்த அட்சத்தில் 5 கலை என்பது சுமார் 9.2 கி.மீ., ஆகவே தாளில் 18.4 செ.மீ. வர வேண்டும். 17 செ.மீ. வந்தால் தாள் சுருங்கியிருக்கிறது. அப்போது தாளின் அடியில் இருக்கும் நேர்க்கோட்டு அளவுகோலை மட்டும் வைத்தே அளக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் படத்தோடு சேர்ந்து அதே அளவு சுருங்கியிருக்கும்.

அடுத்தது கான்டூர் இடைவெளி, அதாவது ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு. 1:50,000 தாளில் பொதுவாக 20 மீட்டர், 1:25,000 தாளில் பெரும்பாலும் 10 மீட்டர், 1:2,50,000 தாளில் 100 மீட்டர். பழைய அங்குலத் தாள்களில் அடிக்கணக்கு. இது தாளின் அடி ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாளிலும் அதைப் படித்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். பழக்கத்தில் 20 என்று எடுத்துக்கொண்டு 10 மீட்டர் தாளைப் படித்தால், மலை இரண்டு மடங்கு செங்குத்தாகிவிடும்.

இனி வேலை தொடங்கலாம். புதிதாகப் படிப்பவர்கள் பழுப்புக் கோடுகளைத்தான் முதலில் உற்றுப் பார்ப்பார்கள். கோடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் முகடு எது, பள்ளத்தாக்கு எது என்று கண் ஏமாறும். இரண்டும் வளைந்த கோடுகள்தான், இரண்டும் ஒரே மாதிரி அடுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு நொடி மேடாகத் தெரிந்தது மறுநொடி பள்ளமாகத் தெரியும். இந்த ஏமாற்றத்துக்கு ஒரே மருந்து, முதலில் ஓடைகளைப் பிடிப்பது. சர்வே ஆஃப் இந்தியா தாள்களில் நீர் ஓடுவது நீல நிறம், வறண்டு கிடக்கும் ஓடைத்தடம் கருப்புக் கோடு. நீலத்தை மட்டும் தேடினால் பாதி ஓடைகள் விட்டுப்போகும். கருப்பு மெல்லிய கோடுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

படிக்க வேண்டிய பகுதி 5 கி.மீ.க்கு 5 கி.மீ. இருந்தால் போதும். அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, எல்லா ஓடைகளையும் நீலப் பென்சிலால் வரையுங்கள், கடைசிச் சிறு கிளை வரைக்கும். பிறகு பழுப்புப் பென்சிலால், ஓடைகளுக்கு இடையே, எந்த நீலத்தையும் தொடாமல் போகக்கூடிய கோட்டை வரையுங்கள். அதுதான் முகடு, நீரைப் பிரித்துவிடும் கோடு. இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு முகடு இருந்தே ஆக வேண்டும். இரண்டு முகடுகளுக்கு நடுவே நீர் இறங்கும் தாழ்வு ஒன்று இருந்தே ஆக வேண்டும். இருபது நிமிடத்தில் மலையின் எலும்புக்கூடு தாளில் வந்துவிடும். கான்டூர் கோடுகள் அந்த எலும்பின்மேல் போர்த்திய தோல்.

இப்போது கோடுகளைப் பார்த்தால், ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு கோடும் தண்ணீர் வரும் திசையை நோக்கி, அதாவது மேல்நோக்கி, மூக்கை நீட்டியிருக்கும். மேட்டூர் நீர்விளிம்பு ஓடைவாய்க்குள் நுழைந்து திரும்புவதுதான் இது. முகட்டைக் கடக்கும் கோடு இதற்கு நேரெதிர், இறக்கத்தை நோக்கி வளையும். பள்ளத்தாக்கில் முனை பெரும்பாலும் கூராகவும், முகட்டில் வளைவு உருண்டையாகவும் இருக்கும் என்று சொல்வார்கள். ஓடை அரித்த நிலத்தில் அது பலமுறை உண்மை, ஆனால் கத்தி போன்ற பாறை முகடுகளில் தலைகீழாகிவிடும். ஆகவே வடிவத்தை நம்பாமல் ஓடையை நம்புங்கள்.

உயரத்தை எண்ணுவது

ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்திருக்கும். 20 மீட்டர் தாளில் தடித்த கோடுகள் 100 மீட்டருக்கு ஒன்று: 1,600, 1,700, 1,800. இரண்டு தடித்த கோடுகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தால் எங்கோ ஒன்று ஒட்டிப்போயிருக்கிறது, அல்லது ஊர்ப்பெயரின் எழுத்துக்கு அடியிலோ பாறைக் குறிக்கு அடியிலோ மறைந்திருக்கிறது. அதே இரண்டு கோடுகளையும் பக்கவாட்டில் பின்தொடர்ந்து, அகலமாக விரியும் இடத்தில் எண்ணிவிட்டுத் திரும்பி வாருங்கள். நெருக்கடியான இடத்தில் கண்ணைச் சுருக்கி எண்ணுவதால் பயனில்லை.

அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே வேறுபாடு 20 மீட்டராக இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. இந்த இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். இரண்டு 1,800 கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால், நடுவில் ஓடை இருந்தால் அது தாழ்வு, முகட்டுக்கோடு நடுவில் போனால் அது மேடு. இரண்டு மூடிய வட்டங்கள் எதிரெதிரே நின்று, நடுவில் இருபுறமும் நீர் இறங்கினால் அது கணவாய். பழைய ஒற்றையடிப் பாதைகள் அந்த இடத்தைத் தேடித்தான் வரும். கணவாயைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், முகட்டின் இரு பக்கமும் இரண்டு ஓடைகள் ஒன்றின் தலையை ஒன்று நெருங்கும் இடத்தைத் தேடுங்கள்.

உச்சியில் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசியாக மூடிய கோடு உச்சியின் உயரம் ஆகாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். 20 மீட்டர் இடைவெளியில் அதன் கடைசிக் கோடு 2,620. முக்கோணக் குறியும் அருகே உயர எண்ணும் இல்லாவிட்டால், உச்சி 2,620-க்கு மேல், 2,640-க்குக் கீழ் என்று மட்டுமே சொல்ல முடியும். எண் போட்ட உச்சிகளிலும் வகை உண்டு. முக்கோணம் என்றால் முக்கோண அளவீட்டு நிலையம், உறுதியான எண். வெறும் புள்ளி என்றால் இடஉயரம். ‘பி.எம்.’ என்ற எழுத்தோடு ஒரு தசமப் புள்ளிவரை எண் இருந்தால் அது மட்டக்குறி, மூன்றிலும் உயரத்துக்கு நம்பகமானது அதுதான்.

உட்பக்கம் சிறு பற்கள் போட்ட மூடிய கோடு பள்ளத்தைக் காட்டும். இங்கே கணக்கு வழுக்கும். 340-க்கும் 360-க்கும் நடுவிலான நிலத்தில் ஒரு குழி இருந்தால், முதல் பற்கோட்டின் மதிப்பு 340. வெளியில் இருக்கும் தாழ்ந்த கோட்டின் அதே மதிப்பு, 320 ஆகாது.

சரிவை அளப்பது

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம் என்பது எல்லோரும் அறிந்தது. எவ்வளவு நெருங்கினால் எவ்வளவு செங்குத்து என்பதுதான் வேலைக்கு உதவும். 1:50,000 தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். அடுத்தடுத்த இரு கோடுகள் 1 மி.மீ. விலகியிருந்தால் 50 மீட்டரில் 20 மீட்டர் ஏற்றம்: 40 சதவீதம், கோணத்தில் ஏறக்குறைய 22 பாகை. 2 மி.மீ. என்றால் 20 சதவீதம், 11 பாகை. அரை மி.மீ. என்றால் 80 சதவீதம், 39 பாகை, கையூன்றாமல் ஏற முடியாத இடம். ஆனால் அரை மி.மீ.-ஐ ஸ்கேலால் அளப்பது நம்பத்தக்கதல்ல, கோட்டின் தடிமனே அதில் ஒரு நல்ல பங்கு. அதனால் எப்போதும் தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோடுவரை அளக்க வேண்டும். 100 மீட்டர் ஏற்றத்துக்கு 1 செ.மீ. கிடைத்தால் 20 சதவீதம், 5 மி.மீ. கிடைத்தால் 40 சதவீதம், 2 மி.மீ. கிடைத்தால் 45 பாகை. அளக்கும் திசை கோடுகளுக்குக் குறுக்கே, செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்து அளந்தால் சரிவு குறைவாக வரும்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க நம் தாளிலேயே அருமையான சாட்சி இருக்கிறது: நீலகிரி மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பற்சட்டத்தை (தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வைத்த இரும்புச் சட்டத்தை) பிடித்து ஏறும் பகுதியில் அதன் மிகக் கடுமையான ஏற்றம் 12.5-க்கு 1. அப்படியானால் 20 மீட்டர் ஏற 250 மீட்டர் ஓட வேண்டும். தாளில் 5 மி.மீ. ஆகவே தண்டவாளக் கோடு எங்கே போனாலும், ஒரு கான்டூரைத் தாண்டிய பிறகு அடுத்ததைத் தாண்ட, பாதை வழியாக அளந்தால், குறைந்தது 5 மி.மீ. எடுத்துக்கொள்ளும். நூலை எடுத்துப் பாதையின் வளைவின்மேல் வைத்து அளந்து பாருங்கள். இதைவிடக் குறைவாக வந்தால் கோட்டை எண்ணியதில் பிழை, அல்லது பாதை சுரங்கத்துக்குள் இருக்கிறது. சுரங்கத்துக்குள் கான்டூர் எண்ணக் கூடாது, ஏனென்றால் கோடு மேலே இருக்கும் மலையின் உயரத்தைச் சொல்கிறது, தண்டவாளத்தின் உயரத்தைச் சொல்லவில்லை. பாலமும் அப்படியே. ரயில் ஏன் மலைக்கோட்டை ஒட்டி ஒட்டி வளைகிறது என்பதும் இப்போது தெரிந்துவிடும். கோடுகளை நேராக வெட்டினால் பற்சட்டமும் போதாது. சாலைகளும் இதே கட்டாயத்தில்தான் வளைகின்றன. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் கான்டூர்களை மெதுவாகக் கடக்கும் தந்திரம்தான்.

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஏறக்குறைய எழுபது கோடுகள் வருகின்றன. ஆனால் அவை சமமாகப் பரவவில்லை. சமவெளியில் ஒன்றிரண்டு, மலைவிளிம்பில் பழுப்பு நிறமே அப்பியதுபோல் நெருக்கம், மேலே போனதும் மீண்டும் தளர்வு. பீடபூமியின் ஓரம் என்றால் தாளில் இதுதான் அடையாளம். டால்பின்ஸ் நோஸ், லாம்ப்ஸ் ராக் போன்ற காட்சிமுனைகள் அமைந்திருப்பது அந்த நெருக்கம் தொடங்கும் விளிம்பில்.

ஒரே சரிவுக்குள் நெருக்கம் எங்கே, தளர்வு எங்கே என்பதும் முக்கியம். மேலே தளர்வு, கீழே நெருக்கம் என்றால் குவி சரிவு: மேலிருந்து பார்ப்பவருக்கு அடிவாரம் தெரியாது, கீழிருந்து ஏறுபவருக்கு உச்சி தெரியாது. ‘இதோ வந்துவிட்டது’ என்று நினைக்கும் மேடு உச்சியாக இராது. மேலே நெருக்கம், கீழே தளர்வு என்றால் குழி சரிவு: அடியிலிருந்து உச்சி தெரியும், கடைசிப் பகுதிதான் மூச்சு வாங்கும். வழி தவறி இறங்குபவர்களுக்குக் குவி சரிவு ஆபத்தானது. இறங்க இறங்கச் செங்குத்தாகிக்கொண்டே போகும், திரும்பி ஏற முடியாத இடத்தில்தான் அது தெரியவரும். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்ற அறிவுரையை மலைவிளிம்பில் பின்பற்றக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஓடை விளிம்பில் அருவியாக விழும். கோத்தகிரிப் பக்கத்துக் கேத்தரின் அருவியின் வீழ்ச்சி சுமார் 250 அடி, அதாவது 76 மீட்டர். ஓடைக்கோட்டில் மூன்று நான்கு கான்டூர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அளவு அது. அப்படி ஒட்டும் இடத்தைக் கண்டால் அந்த ஓடைவழி இறங்கக் கூடாது.

இன்னொரு வடிவத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சரிவின் நடுவே எல்லாக் கோடுகளும் லேசாக உள்வாங்கி, ஓடைக்கோடு எதுவும் வரையப்படாத குழிவுகள் உண்டு. காய்ந்த காலத்தில் அங்கே ஒன்றும் இல்லை, தேயிலைச் செடியோ காய்கறிப் பாத்தியோ இருக்கும். ஆனால் பெருமழையில் சுற்றுச்சரிவின் நீரெல்லாம் அந்தக் குழிவுக்குள்தான் குவியும், மண்ணும் அங்கேதான் நனைந்து கனக்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. மண்சரிவுக்குக் காரணங்கள் பல: மண்ணின் ஆழம், வெட்டிய சரிவு, அடைபட்ட வடிகால். தாளை மட்டும் பார்த்து எந்த இடம் சரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் வீடு கட்ட மனை பார்ப்பவர்கள், செங்குத்துச் சரிவின் அடியில், உள்வாங்கிய கோடுகளின் வாயில் மனை இருக்கிறதா என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

கோடு சொல்லாமல் விடுவது

இரண்டு கோடுகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்று தாள் சொல்வதில்லை. 1,600-க்கும் 1,620-க்கும் நடுவில் ஒரு பாதை 1,602-இலிருந்து 1,618-க்கு ஏறி, மீண்டும் இறங்கி, இப்படிப் பத்து முறை போனால், தாளில் ஏற்றம் பூஜ்யம், காலுக்கு 160 மீட்டர். 15 மீட்டர் பாறைச் செங்குத்து ஒன்று இரு கோடுகளுக்கு இடையே முழுசாக ஒளிந்துகொள்ளலாம், அதுவும் ஆளைக் கொல்லும் உயரம்தான். ஆகவே பாறைக் குறிகளைத் தனியாகத் தேடிப் படியுங்கள், கான்டூர் அவற்றுக்கு மாற்று ஆகாது. கோட்டின் துல்லியத்துக்கும் எல்லை உண்டு. அமெரிக்கா 1947-இல் வகுத்த வரைபடத் துல்லிய நெறியின்படி, சோதித்த புள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, கான்டூர் இடைவெளியின் பாதிக்குள் சரியாக இருந்தால் போதும். அந்த நெறியை நம் 20 மீட்டர் தாளுக்குப் பொருத்தினால் 10 மீட்டர் வரை விலகலை ஏற்றுக்கொண்டே படிக்க வேண்டும். முறிந்த பழுப்புக் கோடு வந்தால் அது அளந்து போட்டதல்ல, நிலத்தின் வடிவத்தைக் காட்ட மட்டும் வரைந்தது. அதை வைத்து உயரம் கணக்கிடாதீர்கள்.

சமவெளித் தாள்களில் இந்தக் குறை பெரிதாகிறது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிவகங்கை ஏரிப் பகுதிகளில் பல சதுர கிலோமீட்டருக்கு ஒரே ஒரு கோடுதான் ஓடும், சில இடத்தில் அதுவும் இல்லை. அங்கே நிலத்தின் சாய்வை ஏரிகளை வைத்துப் படிக்க வேண்டும். ஏரிக்கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்தில் நிற்கும், நீர் பரவும் பக்கம் உயர்ந்தது. வில்போல வளைந்த கரையின் முதுகு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் நிலம் இறங்குகிறது. ஒரு ஏரியின் கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்காலைத் தொடர்ந்தால், சங்கிலியாக இறங்கும் ஏரிகளே உயர வரிசையைச் சொல்லிவிடும். கரையருகே ‘5ஆர்’ என்பதுபோல ஒரு எண்ணும் ஆங்கில எழுத்து ஆரும் இருந்தால், அது கடல் மட்டத்திலிருந்து உயரமல்ல, அடிநிலத்திலிருந்து கரை 5 மீட்டர் எழும்பியிருக்கிறது என்ற ஒப்பு உயரம். இதைக் கடல்மட்ட உயரமாக எடுத்துக் குழம்புபவர்கள் உண்டு.

குறுக்குவெட்டும் நடைநேரமும்

கோடுகள் மனதில் மலையாக எழும்ப, குறுக்குவெட்டுப் படம் வரைவதைவிட நல்ல பயிற்சி இல்லை. இரண்டு புள்ளிகளைப் பென்சிலால் நேர்கோட்டில் இணைத்து, ஒரு காகிதத் துண்டின் விளிம்பை அதன்மேல் வையுங்கள். ஒவ்வொரு தடித்த கோடும் விளிம்பைத் தொடும் இடத்தில் சிறு கீறல், பக்கத்தில் உயரம். ஓடையையும் முகட்டையும் கட்டாயம் குறியுங்கள். இவற்றை விட்டால் பள்ளத்தின் அடியும் மேட்டின் தலையும் தட்டையாகிவிடும். பிறகு துண்டை வரைபடத்தாளின் அடிக்கோட்டில் வைத்து, 100 மீட்டருக்கு 1 செ.மீ. என்று மேலே ஏற்றிப் புள்ளியிட்டு, நெளிவாக இணையுங்கள். நேர்கோட்டுத் துண்டுகளாக இணைத்தால் மலை மரப்படிக்கட்டு மாதிரி வரும். இந்த அளவில் குத்துயரம் 5 மடங்கு பெரிதாகியிருக்கும், ஆகவே இந்தப் படத்தில் பாகைமானியை வைத்துச் சரிவை அளக்கக் கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் தெரியுமா என்பதை மட்டும் தாராளமாகப் பார்க்கலாம்: இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, நிலம் அந்தக் கோட்டைத் தொடாவிட்டால் தெரியும். இடையில் மரம் இருந்தால் அதன் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைநேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். நம் தாளுக்கு இதை மாற்றினால் மிக எளிது: பாதையில் 2 செ.மீ.க்கு 12 நிமிடம், மேல்நோக்கிக் கடக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் 2 நிமிடம். 12 செ.மீ. பாதை, 35 கோடுகள் ஏற்றம் என்றால் 72 நிமிடமும் 70 நிமிடமும் சேர்ந்து 2 மணி 22 நிமிடம். இறங்கி மீண்டும் ஏறும் கோடுகளைத் திரும்பவும் எண்ண வேண்டும். தொடக்கத்தின் உயரத்தை முடிவின் உயரத்திலிருந்து கழித்தால் போதாது. இந்த விதி பழகிய கால்களுக்கானது, ஓய்வு இதில் அடங்காது. சுமையோடும், வெயிலிலும், உண்ணிப்புதர் அடர்ந்த பாதையிலும் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது. வனத்துறை அனுமதி வேண்டிய இடங்களில் அந்த நேரக்கணக்கோடு போய்த்தான் கேட்க வேண்டும்.

ஃபோனும் தாளும் ஒத்துப்போகாதபோது

தாளில் 1,700 என்கிற இடத்தில் ஃபோன் 1,610 காட்டினால் இரண்டில் ஒன்று பழுது என்று நினைக்க வேண்டாம். ஜி.பி.எஸ். கணக்கிடுவது, பூமியைச் சீரான நீள்வட்ட உருண்டையாகக் கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து உயரம். தாள் சொல்வது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து உயரம். இந்தியாவின் உயர அளவீடு, சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் கடல் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து நிறுவிய மட்டத்தின்மேல் நிற்கிறது. இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பகுதி இலங்கைக்குத் தெற்கே இருப்பதால், நம் பக்கம் கடல்மட்டப் பரப்பு அந்தக் கற்பனை உருண்டைக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. உங்களுடையது எந்த வகை என்று அறிய ரயில் நிலையத்துக்குப் போங்கள். பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அதோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிடைமட்டத்திலும் ஒரு விலகல் உண்டு. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அதே நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. பழைய தாளில் ஃபோனின் அட்ச தீர்க்கத்தை அப்படியே குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். முகட்டில் நிற்பவர் தாளில் ஓடைக்குள் நிற்பார். ஃபோனின் அமைப்பில் அடிப்படையை மாற்றுங்கள், அல்லது பாலம், சாலைச் சந்திப்பு போன்ற உறுதியான இடத்தில் நின்று விலகலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் கிடைக்காதவர்கள் செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கி க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் தாங்களே கான்டூர் போடுகிறார்கள். செய்யலாம், நல்ல பயிற்சி. முதலில் தரவை, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டர் அலகில் அளக்கும் யு.டி.எம். அமைப்புக்கு மாற்றுங்கள்: தீர்க்கம் 78-க்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. நீலகிரிக்கு 43, சென்னைக்கு 44. பாகை அலகிலேயே விட்டுச் சரிவு கணக்கிட்டால் நிலம் முழுக்கச் செங்குத்துப் பாறையாக வரும். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர், அதன் உயரத்துக்கு வைத்த துல்லிய இலக்கு 16 மீட்டர். அதிலிருந்து 5 மீட்டர் கான்டூர் போட மென்பொருள் மறுக்காது, அழகான கோடுகளாகத் தரும், ஆனால் அவற்றில் பாதி வெறும் இரைச்சல். சமவெளியில் புழு நெளிவதுபோல் கோடுகள் வந்தால் அதுதான் அடையாளம். 20 மீட்டருக்குக் கீழே போக வேண்டாம். அந்த ரேடார் பார்த்தது மரத்தின் மேல்பகுதியை, தரையை அல்ல. சோலைக்காட்டின் ஓரத்தில் புல்வெளி முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில், நிலத்தில் இல்லாத ஒரு படி கான்டூரில் முளைத்திருக்கும். அதைப் பாறைவிளிம்பு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்து, அந்தக் கோடு காட்டின் எல்லையோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.